ஈப்புலி

'ஈயைப் பிடிக்கும் புலி' என விரியும் ஈப்புலி, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். வலை பின்னிக் காத்திராமல், பதுங்கிச் சென்று பாய்ந்து இரைபிடிக்கும் குதிக்கும் சிலந்திகளை இச்சொல் சுட்டும். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வீட்டுச் சுவர்களில் விளக்கொளி நாடும் பூச்சிகளைத் தேடி உலவும் பிளெக்சிப்பஸ் பேகுல்லி இவ்வகையினது. வெப்பநாடுகளின் கட்டடங்களெங்கும் பரவிய இதன் ஆணுக்குக் கருமேனியில் வெண்பட்டை உண்டு, பெண்ணோ பழுப்பு நிறத்தது.

1846இல் கோக் என்னும் ஜெர்மானியர் அமைத்த பிளெக்சிப்பஸ் பேரினம், 6,000க்கு மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட சால்டிசிடே குடும்பத்தில் அடங்கும். அவர் சூட்டியது குதிரையை அடித்து ஓட்டுபவன் எனப் பொருள்படும் கிரேக்கப் புராணப் பெயராதலால், அது உயிரியைப் பற்றி ஒன்றும் உணர்த்துவதில்லை. தமிழ்ப்பெயரோ அதன் தொழிலையே கூறிவிடுகிறது.

எட்டுக் கண்களுள் முன்நடுவிலுள்ள பெரிய இரண்டும் குழல்போல் உள்நீண்டு, விழித்திரையை மட்டும் அசைத்து இரையைக் கூர்ந்து நோக்குகின்றன; பக்கக் கண்கள் அசைவை உணர்கின்றன. பாய்ச்சலுக்குரிய விசை, உடல்நீர்மத்தின் அழுத்தத்தால் கால்கள் சட்டென நீள்வதால் பிறக்கிறது. பாயுமுன் ஒட்டும் பட்டிழை, தவறினால் தாங்கும் கயிறாகிறது.

திருவானைக்காவில் இலிங்கத்தின்மேல் சருகு விழாதவாறு வலை வேய்ந்து, பின் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகத் தலபுராணம் கூறும் சிலந்தி, வலை பின்னியதாலேயே, ஈப்புலி ஆகாது.