பேரு யாரு பேர்ல இருக்கு?

கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு தலைவி அக்கா சொன்னப்போ, "நான் கணக்கு எழுதுறவ, கட்டுரை எழுதத் தெரியாது"ன்னு சொல்லிப் பார்த்தேன். விடல. "நம்ம வெப்சைட் கதையை எழுது. அதுவும் கணக்குதானே"ன்னாங்க. அதனால நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அடுத்த சில வருஷங்களில் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் வந்தன. நம்ம ஊர் அப்போ தென்னாற்காடு. 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டம் மாறிக்கிட்டே இருந்தது. மாறாதது நம்ம தீர்மான நோட்டும் சேமிப்புக் கணக்கும்தான். 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்க ஆரம்பிச்சப்போ, அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களை நம்பி வங்கிக்காரங்க கடன் கொடுத்தாங்கன்னா, அந்த நோட்டைப் பார்த்துத்தான் கொடுத்தாங்க.

ஆனா சேமிக்கக் கத்துக்கிட்ட அளவுக்கு நாம விக்கக் கத்துக்கல. கல்வராயன் மலையில் சாமை, தேன், புளி, கடுக்காய் எல்லாம் கிடைக்குது. விலை சொல்றது மட்டும் மேலே ஏறி வர்ற வியாபாரிதான். வாரச்சந்தை, கண்காட்சி, பூமாலை வணிக வளாகம்னு நம்ம சரக்கு போய்க்கிட்டு இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சந்தையெல்லாம் மூடினப்போ, புடைச்சு வச்ச சாமை மூட்டை அப்படியே நின்னுடுச்சு. அப்போதான் "இணையத்துல கடை போடலாம்"னு முடிவு பண்ணினோம்.

டவுனில் ஒருத்தர் வெப்சைட் செஞ்சு தர்றேன்னு வந்தார். பணம் கொடுத்தோம். பார்க்க அழகா இருந்தது. மலை, அருவி, சிரிக்கிற பெண்கள் படம். அந்தப் பெண்கள் நம்ம பெண்களே இல்ல. எங்கிருந்தோ எடுத்த படம். அதைக்கூட நாங்க கேக்கல. "இலவச டெலிவரி"ன்னு அவரே போட்டுட்டார், எல்லாரும் அப்படித்தான் போடுவாங்கன்னு.

ஆர்டர் வந்தது. சந்தோஷமா அனுப்பினோம். மாசக் கடைசியில நான் கணக்கு பார்த்தேன். ஒரு கிலோ சாமை அரிசிக்கு தானிய விலை, உமி நீக்குற கூலி, கல் பொறுக்குற கூலி சேர்த்து 80 ரூபாய். பை, லேபிள் 10. கூரியர் 65. மொத்தம் 155. நாங்க வித்தது 120க்கு. கிலோவுக்கு 35 ரூபாய் நஷ்டம். ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடிச்சு. விலையை மாத்தச் சொல்லலாம்னு அவருக்குப் போன் போட்டா எடுக்கல. மாத்துற பாஸ்வேர்டு நம்மகிட்ட இல்ல.

2022இல் ஒருநாள் காலையில வெப்சைட்டே திறக்கல. டொமைன்னு சொல்ற அந்த முகவரிப் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணுமாம். கட்டல. கெடு தாண்டினா அந்தப் பேரை வேற யாரும் வாங்கிக்கலாமாம். விசாரிச்சப்போதான் தெரிஞ்சது, அந்தப் பேரு கூட்டமைப்பு பேர்ல வாங்கினதே இல்ல, அவர் பேர்ல. பையில எல்லாம் அந்த முகவரியைத்தான் அச்சடிச்சு வச்சிருந்தோம். அத்தனை பையும் வீண்.

அந்த மாசக் கூட்டத்துல நான் இதைச் சொல்லி அழுதுட்டேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வர்ற ஆயா ஒருத்தங்க அமைதியா கேட்டுட்டுச் சொன்னாங்க: "எங்க அப்பன் பாட்டன் காலத்துல உழுதது நாங்க. நிலம் ஜாகிர்தாரு பேர்ல. இப்ப கடை நடத்துனது நீங்க, பேரு எவனோ பேர்ல. படிச்ச புள்ளைங்க, இதைக் கேக்க மாட்டீங்களா?"

அவங்க சொன்னது சரித்திரம். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்தது. அந்த வருஷம்தான் அரசு எடுத்துக்கிச்சு. உழுத நிலத்துக்குத் தன் பேர்ல ஒரு காகிதம் வாங்க மலை ஜனங்க எத்தனை அலைஞ்சாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். 2006 வன உரிமைச் சட்டம் தேனும் கடுக்காயும் சேகரிச்சு விக்கிறதை அவங்க உரிமைன்னு எழுதி வச்சதும் அதனாலதான் பெரிய விஷயம்.

அன்னைக்கே தீர்மானம் போட்டோம். புது முகவரி, கூட்டமைப்பு பேர்ல. பதிவுக்குக் கொடுத்த செல் நம்பர் கூட்டமைப்பு நம்பர். வாடிக்கையாளர் கட்டுற பணம் கூட்டமைப்பு வங்கிக் கணக்குக்கே வரும். குழுவுல பணப்பெட்டி ஒருத்தர்கிட்ட, சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கும் இல்லையா? அதே மாதிரி பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்ட, ஓடிபி வர்ற போன் இன்னொருத்தர்கிட்ட. புதுப்பிக்கிற தேதி தீர்மான நோட்டுல, கடன் தவணைக்குப் பக்கத்துலேயே எழுதியிருக்கு.

2023, ஐக்கிய நாடுகள் சபை அறிவிச்ச சிறுதானிய ஆண்டு. அந்த வருஷம் புதுக் கடையைத் திறந்தோம். இந்தத் தடவை அழகைவிட உண்மையைப் பார்த்தோம். நம்ம பெண்கள் சாமை புடைக்கிற படத்தை நம்ம போன்லயே எடுத்துப் போட்டோம். முழு விலாசம், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், எடை, பேக் செஞ்ச தேதி எல்லாம் போட்டோம். புகார் வந்து சேர்ந்துச்சுன்னு 48 மணி நேரத்துல ஒப்புகை கொடுக்கணும்னு 2020 மின்வணிக விதிகள் சொல்லுது. அதுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்கினோம். "நீங்க நிஜமாவே இருக்கீங்களா?"ன்னு சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செஞ்சே கேட்டாங்க. புடைக்கிற சத்தத்தைக் கேக்க வச்சேன். இன்னைக்கும் வாங்குறாங்க.

விலையையும் மாத்தினோம். ஒத்தைக் கிலோ அனுப்புறதில்ல, 5 கிலோவா அனுப்புறோம். கூரியர் கட்டணம் தனி. எடை குறைஞ்சு விலை கூடின தேனும் கடுக்காய்ப் பொடியும் சேர்த்து ஒரு கட்டு. கார்டுல வர்ற பணத்துல பிடிக்கிற கமிஷனையும் விலையில சேர்த்துட்டோம். ஆர்டர் முன்னைவிடக் குறைவுதான். ஆனா மாசக் கடைசியில மிச்சம் இருக்கு, மலையில சாமைக்குச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூடவும் கொடுக்க முடியுது.

வெப்சைட் போட நினைக்கிற குழுக்களுக்கு நான் சொல்றது இதுதான். படம் எப்படி இருக்குன்னு அப்புறம் பாருங்க. பேரு யாரு பேர்ல, சாவி யாரு கையில, ஒரு பொட்டலத்துக்கு என்ன மிச்சம்னு முதல்ல கேளுங்க. அப்பவே கேட்டிருந்தா எங்களுக்கு ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். சந்தேகம் இருந்தா கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க. தீர்மான நோட்டை எடுத்துக் காட்டுறேன்.