கற்பிக்கக் கற்றல்: கோரிமேடு தரும் பாடம்

பாடப்பொருளில் புலமை பெற்றவர் அதனைக் கற்பிக்கவும் வல்லவராவார் என்பது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் ஐயமின்றி ஏற்கப்பட்டு வந்த கருத்தாகும். தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் பயிற்சிச் சான்று கேட்ட சமுதாயம், கல்லூரி ஆசிரியரிடம் பட்டத்தை மட்டுமே கேட்டது. இக்கருத்து யாரைப் புறத்தே நிறுத்தியது, எவ்வாறு அது கேள்விக்குள்ளாயிற்று என்பனவற்றைப் புதுச்சேரி மருத்துவக் கல்வியின் வரலாறு கொண்டு ஈண்டு நோக்குவோம்.

1. மொழி என்னும் வாயில்

புதுச்சேரியில் 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினர் மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினர். பிரெஞ்சு மொழி அறிந்தோர்க்கே அதன் கதவு திறந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தபின், 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1964இல், நகருக்கு வடமேற்கே திண்டிவனம் சாலையிலுள்ள கோரிமேட்டில், ஜவகர்லால் நேருவின் பெயர் தாங்கிய பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனமாக அது உயர்வு பெற்றது. இன்று மக்கள் ஜிப்மர் என வழங்குவது இதனையே. பிரெஞ்சு இருந்த இடத்தில் ஆங்கிலம் வந்தது. கற்போர் தொகை பெருகியது. எனினும், தாய்மொழியில் பயின்று வந்த மாணவனுக்கு முதல் தடை நீங்கவில்லை.

வேறு வழியும் உண்டு என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று பகர்கின்றது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் அரசுப் பணி நாடிச் சென்றுவிடுவதையும், கிராமம் மருத்துவரின்றி இருப்பதையும் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். கிரேயின் உடற்கூற்று நூலும் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வெளிவந்தது. அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். மாணவரைத் தம் மொழிக்கு வரச்சொன்ன ஆசிரியர், தாமே மாணவரின் மொழிக்குச் சென்றார் என்பதே இதன் சிறப்பு.

2. ஆசிரியரும் மாணவராதல்

மொழி ஒருபுறமிருக்க, கற்பிக்கும் முறையே சோதனைக்குரியது என்ற எண்ணம் 1950களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உருவெடுத்தது. அங்கு ஜார்ஜ் மில்லர் என்னும் மருத்துவர் கல்வியியலாரோடு அமர்ந்து மருத்துவப் போதனையை ஆராய்ந்தார். இம்முயற்சியை உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. அதன் துணையுடன் 1970களின் நடுப்பகுதியில் கோரிமேட்டில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தோன்றிற்று. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் இங்கு மீண்டும் மாணவராக அமர்ந்தனர்.

அவர்கள் பயின்ற நெறி எளியது. பாட முடிவில் மாணவன் எதைச் செய்ய வல்லவனாக இருக்கவேண்டும் என்பதை முதலில் வரையறுக்கவேண்டும். அதற்கேற்ற முறையைப் பின்னர் தேரவேண்டும். அந்நோக்கத்தையே தேர்வும் அளக்கவேண்டும். எளியதாயினும் இது வகுப்பறையின் பொறுப்பை இடம் மாற்றியது. முன்னர், தேர்ச்சி பெறாத மாணவன் தகுதியற்றவன் எனப்பட்டான். இப்போது, போதனை அவனைச் சென்றடைந்ததா என்னும் வினாவும் எழுந்தது. கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்தவனும் ஆசிரியரின் கணக்கில் வந்தான்.

3. இடையில் நிற்பவர்

பட்டமேற்படிப்பு மாணவர் இவ்வரலாற்றில் தனியிடம் உடையவர். இளநிலை மாணவருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் கற்பிப்பதில் அவர்கள் பங்கேற்கவேண்டும் என 2000ஆம் ஆண்டின் மருத்துவ மேற்படிப்பு விதிகள் வகுத்தன. தாம் இடறிய படி எது என்பது அவர்கள் நினைவில் இன்னும் பசுமையாக உள்ளது; பேராசிரியருக்கோ அது மறந்துபோயிருக்கும். ஆயினும், அந்நினைவை ஆராய்ந்து பார்க்கும் பழக்கம் ஊட்டப்படாவிடில், தம்மை வருத்திய முறையையே அவர்கள் அடுத்தவர்மேல் சுமத்துவர். அனுபவம் தானாக ஆசிரியரை உருவாக்குவதில்லை. சிந்திக்கப்பட்ட அனுபவமே உருவாக்கும்.

4. உடல் என்னும் வாயில்

உடற்குறையுடையோர்க்கு 1995ஆம் ஆண்டின் சட்டம் கல்வி நிலையங்களில் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அளித்தது; 2016ஆம் ஆண்டின் சட்டம் அரசு உயர்கல்வி நிலையங்களில் அதனை 5 ஆக உயர்த்தியது. ஆயினும், குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் கண்டு மருத்துவப் படிப்புக்கு மறுக்கும் வழக்கம் நீடித்தது. பேச்சுக் குறைபாடுடைய மாணவர் ஒருவரின் வழக்கில், 2024 அக்டோபரில், உச்சநீதிமன்றம் இவ்வழக்கத்தைத் திருத்தியது. 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைபாடு என்பதே தடையாகாது. அம்மாணவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதே ஆராயப்படவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இடம் அளிப்பது சட்டத்தின் வேலை. அளிக்கப்பட்ட இடத்தில் கல்வி நிகழச் செய்வது ஆசிரியரின் வேலை.

5. நமக்குரிய வினா

இறையியற் கல்லூரிகளில் முதுநிலை பயில்வோர் நாளை போதனாசிரியராவர். சபைகளில் பணிபுரியும் ஆயர்களும் கற்பிப்பவர்களே. நம்மிடையே சிற்றூரிலிருந்து தமிழ்வழி பயின்று வந்தவர், தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவர், பார்வையோ செவியோ குறைந்தவர் உள்ளனர். அவர்களுக்கு இடம் கொடுத்ததோடு நம் கடமை முடிந்ததெனக் கருதுகின்றோமா? நூற்பட்டியலில் தமிழ் நூல் உண்டா? எழுத்துத் தேர்வன்றி வேறு வகையில் தம் அறிவைக் காட்ட வழி உண்டா? முதுநிலை மாணவரை வகுப்பெடுக்க அனுப்புமுன், எவ்வாறு கற்பிப்பது என்பதை அவரோடு ஒரு மணி நேரமாவது பேசுகின்றோமா?

கோரிமேட்டில் புலமை மிக்க மருத்துவர்கள் மாணவர் பலகையில் மீண்டும் அமர்ந்தனர். அதனால் அவர்தம் மதிப்பு குன்றிவிடவில்லை. அப்பலகையில் அமர நாமும் நாணவேண்டுவதில்லை.