பிலிமில் விழுந்த கீறல்

ரொறன்ரோவில் வாழும் நண்பரின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். பழைய பெரிய கமரா ஒன்றை வாங்கி, நான்குக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிமில் படம் எடுத்து, வீட்டுக் குளியலறையிலேயே கழுவுகிறானாம். ஒவ்வொரு படத்திலும் கீறல். "மாமா, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டான். நாங்களும் கீறினோம் என்பதே உண்மையான பதில்.

இந்தத் துன்பத்துக்கு வயது அதிகம். ஜூலியா மார்கிரெட் கமரன் அம்மையார் 1863 இன் இறுதியில், தமது 48 ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவுடன் இத்துறையில் இறங்கியவர். இங்கிலாந்தின் வைற் தீவில் நிலக்கரி அறையே அவரது இருட்டறை. தமது முதற் படத்தை, கண்ணாடித் தட்டின் படலமுள்ள பக்கத்தில் கையைத் தேய்த்துத் தாமே அழித்துவிட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதைப் பலர் அறியார்.

அவர் கையாண்டது கொலோடியன் படலம். 1871 இல் றிச்சட் லீச் மடொக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் ஜெலற்றினைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் இப்பொருள் நீரை உறிஞ்சி ஊதிவிடும்; ஊதிய நிலையில் நகம் பட்டாலும் கிழியும். 1913 இல் ஈஸ்ற்மன் கொடக் நிறுவனம் தொழில்முறைப் படப்பிடிப்பாளருக்குக் கண்ணாடிக்குப் பதிலாகத் தாள் பிலிமை விற்கத் தொடங்கியது. பாரமும் உடையும் பயமும் போயின. ஆனால் மெல்லிய தாள்கள் பலவற்றை ஒரே தட்டத்தில் அடுக்கிக் கழுவும் வழக்கமும் கூடவே வந்தது. ஒரு தாளின் கூரிய மூலை மற்றதன் நனைந்த முகத்தில் இறங்கும். எல்லா நிறங்களையும் உணரும் பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. முழு இருட்டில் விரல்களே கண்கள்.

எங்கள் ஊர் வெப்பம் இதற்கு மேல் ஒரு சத்துரு. மருந்து 20 பாகை சதமளவையில் இருக்கவேண்டும் என்று பொதி சொல்லும். கொழும்புக் குழாய் நீரோ அதைவிட மிகச் சூடானது. வெப்பநாடுகளுக்கென்று கொடக் வகுத்த டி.கே.-15 கரைசலில் சோடியம் சல்பேற்று சேர்ந்திருக்கும். அது ஜெலற்றின் ஊதுவதைத் தடுக்கும். அடுத்து குரோம் படிகாரக் குளியல் படலத்தை இறுக்கும். எங்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் ஐஸ்கட்டிதான்.

1969 சித்திரையில் நான் பத்திரிகை ஒன்றில் பயிலுநர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் படம் உட்பட ஆறு தாள்களை ஒன்றாகத் தட்டத்தில் இட்டேன். ஐஸ் கரைந்துவிட்டது, அவசரம் வேறு. வெளிச்சத்தில் பார்த்தபோது, நெற்றியிலிருந்து இடது கண் வரை ஒரு கோடு. எங்கள் ஓவியர் தூரிகையால் கோட்டை மறைத்தார். அழிந்த புருவத்தையும் வரைந்தார். மூன்று கிழமைகளில் அந்தப் பெரியவர் காலமானார். மரண அறிவித்தலில் வந்ததும் அதே படம். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது அக்குடும்பம் கையோடு எடுத்துச் சென்றதும் அது ஒன்றைத்தான். பின்னாளில் அவர்கள் வீட்டுச் சுவரில் அதைக் கண்டேன். பேரப்பிள்ளைகள் ஒருத்திக்கு "அப்பப்பாவின் புருவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

நண்பரின் மகனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மருந்தில் இடுமுன் தாள்களை ஒவ்வொன்றாக வெறும் நீரில் நனைக்கவேண்டும். உலர்ந்த தாள்கள் சேர்ந்து நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். படலமுள்ள முகம் மேலே இருக்கட்டும். அடியிலிருந்து ஒன்றை விளிம்பில் பிடித்து முழுமையாக உருவி எடுத்து, மேலே தட்டையாக வைத்து, மெல்ல அழுத்தவேண்டும். மூலை ஒருபோதும் முதலில் இறங்கக்கூடாது. தாளைவிடத் தட்டம் பெரிதாக இருக்கவேண்டும். நீரைத் துணியில் வடிக்கவேண்டும். எங்கள் கிணற்று நீரில் இருந்த மணல் செய்த அநியாயம் கொஞ்சமல்ல. காயவைக்கும்போது துடைக்கவே கூடாது. மலிவு என்று எக்ஸ்ரே பிலிமும் வாங்கியிருக்கிறானாம். அதன் இரு பக்கமும் படலம் உண்டு. தட்டத்தின் அடியில் வழுவழுப்பான கண்ணாடி ஒன்றைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு தாளே கழுவச் சொன்னேன்.

நகத்தை ஒட்ட வெட்டு என்றபோது சிரித்தான். தலைமையாசிரியரின் கதையை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.