வீடே பட்டறையான வரலாறு

உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்வதை முதலாளிகள் அனுமதிக்கலாமா, கூடாதா என்று 2020-ஆம் ஆண்டின் தொற்றுநோய்க்குப் பின் நகரங்களில் நடந்துவரும் விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம், நெல்லைச் சீமையில் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் கடையநல்லூரிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் ஞாபகமே எனக்கு வருகிறது. அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டவர்கள் அல்லர். வேலைதான் பட்டறையை விட்டு வெளியேறி அவர்கள் வீட்டைத் தேடி வந்தது. அது எந்தக் காரணத்தால் வந்தது என்பதை அறியாமல் வீட்டு உழைப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது அரைகுறை ஞானமாகவே முடியும் என்று நினைக்கிறேன்.

பீடிக்கு யந்திரம் வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய பிரதேசங்களின் காடுகளில் பறித்து உலர்த்திய பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து வைத்து, பதம் வந்ததும் அளவுத் தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் அளவாக நறுக்கி, புகையிலைத் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி முனையை மடக்கிவிட்டால் பீடி ஆயிற்று. 25 பீடி ஒரு கட்டு. 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுளகும் கத்தரியும் இருக்கிற இடமெல்லாம் பட்டறையாகிவிடக்கூடிய இந்தச் சுபாவமே, பின்னர் அத்தொழிலாளருக்கு நேர்ந்த அனைத்துக்கும் மூலகாரணமாயிற்று.

பட்டறைக் காலம் பொற்காலமாக இருந்ததென்று எவரும் மயங்க வேண்டாம். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை வெளியிட்ட விட்லி கமிஷன், பீடிப் பட்டறைகள் போன்ற சிறு தொழிலகங்களில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்ததைக் கண்டு எழுதியிருக்கிறது. சென்னை ராஜதானியில் பீடி, சுருட்டு, பொடி, தோல் பதனிடுதல் ஆகிய தொழில்களைப் பற்றி நாராயணசாமி நாயுடு என்பவர் நடத்திய விசாரணையின் அறிக்கை 1947-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமோ, யந்திர சக்தி இல்லாத இடத்தில் 20 பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஒப்புக்கொண்டது. ஆகவே பெரிய பட்டறையைச் சிறு சிறு பட்டறைகளாகப் பிரித்துவிட்டால் சட்டத்தின் கை எட்டாது. இந்த ஓட்டையை அடைப்பதற்காகச் சென்னை அரசு 1958-இல் பீடித் தொழிலிடங்களுக்கென்றே தனிச் சட்டம் செய்தது.

அந்தச் சட்டம் இடத்தைக் கட்டுப்படுத்தியதே தவிர உறவைக் கட்டுப்படுத்தவில்லை. காற்றோட்டம், வேலை நேரம், விடுமுறை என்று பட்டறைக்கு எத்தனை நிபந்தனைகள் விதித்தாலும், பட்டறையே இல்லாவிட்டால் அவற்றை யார்மீது சுமத்துவது? இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுத்து, மறுநாள் கட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்ள ஒரு கடையும் ஒரு காண்டிராக்டரும் போதும் என்று கண்டுகொண்ட முதலாளிகளுக்கு வாடகை, விளக்கு, மேற்பார்வை எல்லாமே மிச்சமாயின. அந்த மிச்சம் அனைத்தும் தொழிலாளியின் வீட்டுச் செலவாக மாறிற்று. கொடுத்த இலையில் 1,000 பீடி தேறாமற்போனால், குறைந்த இலையைக் கைக்காசு கொடுத்து வாங்கவேண்டியவளும் அவளே ஆனாள்.

ஒரு மாநிலம் மட்டும் கண்டிப்பாக இருந்தால் தொழில் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்பதால் 1966-இல் மத்திய அரசே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றிற்று. முதலாளியோ காண்டிராக்டரோ கொடுத்த மூலப்பொருளை வீட்டில் பீடியாகச் செய்து தருபவரும் தொழிலாளியே என்று அது திட்டமாகச் சொன்னது. மூலப்பொருள் வழங்குவதிலும், பீடியைக் கழிப்பதிலும், கழித்த பீடிக்குரிய கூலியிலும் எழும் வழக்குகளைத் தீர்க்க வழி செய்தது. இந்திய தேசத்தின் சட்டங்களில் இவ்வளவு நியாய உணர்வுடன் ஓர் ஏழையின் வீட்டு வாசலை மிதித்த சட்டங்கள் வெகு சிலவே என்பது என் துணிபு.

கேரளத்தில் அச்சட்டம் அமலுக்கு வரவிருந்த தறுவாயில், 1968-இல், கண்ணூர்ப் பகுதியிலிருந்த பெரிய பீடி முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டார்கள். வேலையிழந்தவர்களுக்காக 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கண்ணூர்ப் பட்டறைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, ஏனையோர் சுற்றிக்கொண்டே கேட்பதும், வாசித்தவருக்குரிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பதும் வழக்கமாயிருந்தது. பட்டறை மூடப்படும்போது தோழமை, வாதம், உலகச் செய்தி ஆகியவையும் உடன் போகின்றன என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. ஆயினும், கைக்குழந்தையையும் அடுப்பையும் விட்டு வெளியே போக இயலாத பெண்ணுக்கு வீட்டிலிருந்து செய்த இவ்வேலை ஒன்றே கையில் காசைத் தந்தது என்பதும் சத்தியம். கடைக்குச் சென்று கட்டுகளைக் கொடுத்துக் கூலி வாங்கிவரும் பெண்ணுக்குத் தன் வீட்டில் கிடைத்த சொல்வாக்கை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

முதலாளிகள் தொடுத்த வழக்கில் 1974-இல் சுப்ரீம் கோர்ட்டு 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிலைநாட்டிற்று. ஆனாலும் வீட்டில் பீடி சுற்றுபவர்களுக்குச் சேமநல நிதிக்கு உரிமை உண்டா என்ற கேள்வி மிஞ்சி நின்றது. கண்காணிப்பவர் இல்லாத வீட்டில், நினைத்த நேரத்தில் வேலை செய்பவர் எப்படித் தொழிலாளி ஆவார் என்பது முதலாளிகளின் வாதம். 1985-இல் கோர்ட்டு அளித்த விடை, இன்று கணினி முன்னே வீட்டில் அமர்ந்திருப்பவரைப் பற்றிப் பேசுவோரும் படிக்கத் தக்கது: பீடி சரியில்லை என்று கழித்துத் தள்ளும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கும்போது, மேற்பார்வையும் அவரிடமே இருக்கிறது.

அதற்கு மறு ஆண்டில் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பீடித் தொழிலில் குழந்தைகளை அமர்த்தக்கூடாதென்று விதித்துவிட்டு, குடும்பத்தாரின் துணையோடு நடக்கும் வேலைக்கு மட்டும் விலக்கு அளித்தது. வாரிசு வேலையும் குலத்தொழிலும் அல்லாத ஒன்று, அவ்விலக்கால் வீட்டுக்குள் அவ்விரண்டுமாகவே ஆகிவிட்டது. வேலைக் கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் தாயின் பெயரில் இருந்தது; பள்ளியிலிருந்து திரும்பியதும் அவள் அருகில் உட்கார்ந்து இலை நறுக்கிக் கொடுத்த மகளின் பெயர் எந்தக் கடையின் கணக்கிலும் ஏறவில்லை.