போட்டிக் கைத்துப்பாக்கியின் ஸ்பிரிங்

ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்டது. சுட்டதும் பின்னோக்கிப் பாயும் ஸ்லைடைத் தாங்கி மறுபடி முன்னே தள்ளும் ஸ்பிரிங்கின் வலு அதில் சுமார் 16 பவுண்டு. முழு வீரியத் தோட்டாவுக்கு அது பொருத்தம்.

ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடந்த போட்டிகளில் காகித இலக்கைச் சுட்டவர்களுக்கோ துல்லியமே பெரிது. வெடிமருந்தைக் குறைத்து, லேசான குண்டைப் போட்டார்கள். அந்த உதைக்கு 16 பவுண்டு ஸ்பிரிங் முழுதாக அமுங்கவில்லை. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே விழாமல் ஸ்லைடில் சிக்கியது. அதனால் 12 பவுண்டு அளவிலான இளகிய ஸ்பிரிங்குகள் புழங்கலாயின.

1976-ல் மிசூரியின் கொலம்பியாவில் சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு உருவானது. ஜெஃப் கூப்பர் முதல் தலைவர். அதன் போட்டிகளில் துல்லியத்தோடு வேகமும் மதிப்பெண்ணைத் தீர்மானித்தது. கடினமான ஸ்பிரிங் ஸ்லைடை ஓங்கி மூடும். குழல்முனை தாழ்ந்து, முன்குறி இலக்குக்குக் கீழே இறங்கிவிடும். அடுத்த குண்டுக்கு அதை மீண்டும் தூக்க வேண்டும். ஸ்பிரிங் இளகினால் முன்குறி தானாகவே இடத்துக்கு வரும், ஆனால் ஸ்லைடு துப்பாக்கியின் சட்டத்தில் பலமாக மோதும். அந்த அடியைத் தணிக்கவே ஸ்பிரிங்கின் வழிகாட்டித் தண்டில் பாலியூரித்தேன் வளையம் மாட்டும் வழக்கம் பரவியது. வளையத்தின் தடிமன் அளவுக்கு ஸ்லைடின் ஓட்டம் குறையும். வளையம் நைந்து கிழிந்தால் அதன் துணுக்கு இயக்கத்தையே நிறுத்திவிடும். ஆகவே வளையத்தை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது அவசியம். ஸ்பிரிங்கின் நிலையைக் காலிக்கூடு விழும் இடமும் காட்டும். அது வெகுதூரம் பறந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். காலடியிலேயே விழுந்தால் ஸ்பிரிங் கடினமாக இருக்கலாம்.