முதல்நாள் ஸ்கான் முடிந்த தீர்ப்பல்ல

கந்தப்பளையில் தோட்ட லயமொன்றில் வசிக்கும் குடும்பத் தலைவர் ஒருவர் அதிகாலையில் திடீரெனச் சரிந்து விழுகிறார் என வைத்துக்கொள்வோம். மூச்சுமில்லை, நாடியுமில்லை. அயலவர் மார்பை அழுத்தி முதலுதவி செய்கின்றனர். அம்புலன்ஸ் வண்டி வந்து, நுவரெலியா வைத்தியசாலையை அடைந்ததும் இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. ஆனால் அவர் கண் விழிக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர் கேட்பது ஒரே கேள்விதான்: மூளை தப்புமா? தலையை ஸ்கான் செய்தால் விடை உடனே கிடைத்துவிடும் என்ற எண்ணம் நம்மவரிடையே உண்டு. அது எந்தளவுக்குச் சரியானது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

மாரடைப்பு வேறு, இதயநிறுத்தம் வேறு. முன்னையதில் இதயத் தசைக்குச் செல்லும் குருதி தடைப்படுகிறது. பின்னையதில் இதயம் குருதியை வெளியேற்றுவதே நின்றுவிடுகிறது. ஒட்சிசன் கிடைக்காத மூளைக் கலங்கள் சில நிமிடங்களிலேயே பாதிப்படையத் தொடங்கும். ஆகவே இதயம் மீண்டும் இயங்கிய பின்னரும் நோயாளி நினைவின்றிக் கிடக்கலாம்.

சி.ரி. ஸ்கான் படத்தில் மூளையின் நரைநிறப் பகுதி சற்று வெளிர்ப்பாகவும் வெண்ணிறப் பகுதி சற்றுக் கருமையாகவும் தோன்றும். பாதிப்படைந்த கலங்கள் நீரை உறிஞ்சி வீங்கும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மங்கிப்போகும். மூளை பெரும் சேதமடைந்துள்ளது என்பதற்கு இது ஓர் அடையாளம். எனினும் இந்த வீக்கம் வெளிப்படக் காலம் எடுக்கும். கடுமையான சேதம் ஏற்பட்ட மூளைகூட முதல் சில மணித்தியாலங்களில் எடுக்கப்படும் படத்தில் வழமைபோலத் தோன்றலாம். எனவே ஆரம்பப் படம் தெளிவாக இருப்பதைக் கொண்டு ஆறுதலடைய முடியாது. ஆயினும் அப்படம் வீணானதல்ல. இதயநிறுத்தத்துக்கு மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவு காரணமாக இருந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

எம்.ஆர்.ஐ. பரிசோதனை திசுக்களில் நீர் மூலக்கூறுகள் அசையும் விதத்தைக் கண்டறிவதால் மேலும் நுணுக்கமானது. இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையிலேயே அதன் சான்று பெறுமதிமிக்கது. சுவாசக் கருவியில் உள்ளவரை அதற்காக மலைப்பாதைகளினூடாக வேறு நகருக்குக் கொண்டுசெல்ல நேருமாயின், அப்பயணத்தின் ஆபத்தையும் வைத்தியர்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய புத்துயிரளிப்புப் பேரவையும் ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் இணைந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டல்கள் இவ்விடயத்தில் தெளிவாக உள்ளன. நினைவின்றியுள்ளவரின் எதிர்காலம் பற்றி 72 மணித்தியாலங்களுக்கு முன்னர் முடிவுகூறலாகாது. அதன் பின்னரும் ஒரே சோதனையை நம்பாது, பாதகமான அறிகுறிகள் குறைந்தது இரண்டாவது பொருந்தி வருகின்றனவா எனப் பார்க்க வேண்டும். கண்மணியின் ஒளி எதிர்வினை, விழிவெண்படலத்தைத் தொடும்போது இமை மூடுதல், மூளை மின்னலைப் பதிவு, நரம்பு உணர்வுச் சோதனை, குருதிச் சோதனை, ஸ்கான் படம் ஆகியன இவற்றுள் அடங்கும். முதலிரண்டுக்கும் தேவைப்படுவன ஒரு கைவிளக்கும் சிறிது பஞ்சும் தேர்ந்த கண்களுமே. ஸ்கான் வசதியில்லாத வைத்தியசாலையும் இவ்விடயத்தில் கையறு நிலையில் இல்லை.

பொறுத்திருப்பதற்குக் காரணமுண்டு. மயக்க மருந்துகளின் தாக்கம் நீங்க நாட்கள் செல்லலாம். சிறுநீரகமோ ஈரலோ பழுதுபட்டிருந்தால் தாமதம் மேலும் கூடும். முதல்நாளே நம்பிக்கையிழந்து சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறந்துவிடுவார். கணிப்புச் சரியாயிற்று என்று நாமும் எண்ணிக்கொள்வோம். உண்மையில் அங்கு பலித்தது கணிப்பல்ல, அவசரமே.

நினைவிழப்பையும் மூளைச்சாவையும் ஒன்றெனக் கொள்ளலும் தவறு. மூளையின் சகல செயற்பாடுகளும் மீளமுடியாதவாறு நின்றுபோவதே மூளைச்சாவு. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் அதனை மரணமாக ஏற்றுள்ளது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகமும் அவ்வாறே தீர்மானித்தது. நினைவிழந்தவரோ உயிருடன் உள்ளவர். இவ்வேறுபாட்டை உறவினருக்கு அவர்களது தாய்மொழியில் விளக்கிக் கூறுவது வைத்தியசாலைகளின் கடமையாகும்.

எவ்வாறாயினும், மூளையின் விதி பெரும்பாலும் ஸ்கான் அறைக்குச் செல்லும் முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதத்தால் குறைக்கிறது. 2016இல் இந்திய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை பெரும் வரமே. ஆயினும் குறுகிய தோட்டப் பாதைகளில் அவ்வண்டி வந்துசேரும்வரை நோயாளியின் மூளையைக் காக்கக்கூடியவை அயலவரின் கைகளே. நெஞ்சின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தும் இம்முதலுதவியைப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தோட்ட மருந்தகங்களிலும் கற்பிக்கலாம். தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் இதில் முன்னின்று செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.