கைபேசிக்குள் வந்த பறவைப் பஞ்சாங்கம்

மரக்காணம் பக்கம் உப்புக்கு ஒரு பருவம், பறவைக்கு ஒரு பருவம். வடகிழக்கு மழை இறங்கியதும் உப்பு வாருவது நின்று, பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கிவிடும். அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் கிளம்பிய கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் இந்தக் கரையைப் பிடித்திருக்கும். அங்கே செம்மை பூசியிருந்த இறகு, இங்கே மார்கழியில் வெறும் சாம்பல். தூரத்துச் சேற்றில் கொத்திக்கொண்டிருப்பது எந்த உள்ளான் என்று சொல்லப் பழகியவர்களே திணறுவார்கள். அதற்குத்தான் இப்போது கைபேசியில் செயலி இருக்கிறது.

மெர்லின் என்ற அந்தச் செயலி படத்தைப் பார்த்தும் குரலைக் கேட்டும் பெயர் சொல்வதைத்தான் பலரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். கேள்வி கேட்டுப் பறவையைக் கண்டுபிடிக்கும் பகுதியில் அது முதலில் விசாரிப்பது அலகையோ காலையோ அல்ல. எந்த ஊர், எந்தத் தேதி என்பதை. அளவும் நிறமும் அப்புறம்தான். மரக்காணம் பக்கத்துப் பெருமுக்கல், மார்கழி என்றால் ஒரு பட்டியல். அதே பெருமுக்கல், ஆனி என்றால் வேறு பட்டியல். இந்தப் பஞ்சாங்கத்தைக் கணித்தது யார்?

சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலேயே எது உள்ளூர்ப் பறவை, எது குளிர்கால விருந்தாளி என்ற குறிப்பு உண்டு. ஆனால் ஓர் ஊருக்கு, ஒரு வாரத்துக்கு என்று எந்தப் புத்தகமும் எழுத முடியாது. 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடபான் சங்கமும் சேர்ந்து, பறவை பார்ப்பவர்கள் பட்டியல் போட இ-பேர்ட் தளத்தைத் தொடங்கின. அறிவியலுக்கு உதவுங்கள் என்று கூப்பிட்டபோது எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. உங்கள் பட்டியலை உங்களுக்காகவே பத்திரப்படுத்தித் தருகிறோம் என்று சில வருடங்கள் கழித்துப் பேச்சை மாற்றிய பிறகுதான் பதிவுகள் குவிந்தன. மனுஷ சுபாவம் எங்கேயும் ஒன்றுதான்!

குவிந்ததை வைத்து ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்தார்கள். வருடம் 48 துண்டாயிற்று. ஒரு துண்டில் வந்த பட்டியல்களில் எத்தனையில் அந்தப் பறவை இருந்தது? இந்தக் கணக்கின் மேல்தான் 2014இல் வட அமெரிக்கப் பறவைகளுக்காக மெர்லின் பிறந்தது. குரல் கேட்டுச் சொல்லும் வித்தை 2021இல் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் அதற்கு முன்பே, 2007இல், மைக்ரண்ட்வாட்ச் என்ற முயற்சி வலசைப் பறவைகளின் வரவைப் பொதுமக்களிடமே கேட்கத் தொடங்கியிருந்தது. ஆரம்பத்தில் கேட்டது வெறும் 9 இனங்களைப் பற்றி. 2014இல் பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு உருவானது. 2015இல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கியது. வலசை வந்தவை நீர்நிலைகளில் நிறைந்திருக்கும் நேரம், பிள்ளைகளுக்கு விடுமுறையும்கூட; இதைவிடப் பொருத்தமான நாள் வாய்க்காது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சுமார் 30,000 பேர் இ-பேர்டுக்கு அனுப்பிய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது.

ஆக, செயலி சொல்வது இருப்பதற்கு வாய்ப்புள்ள பறவையை மட்டுமே. வலசை வந்த இளம் உள்ளான்கள் சில, முதல் வருடம் வடக்கே திரும்பாமல் கோடையையும் இங்கேயே கழிப்பதுண்டு. ஆனியில் அப்படி ஒன்று நின்றால் செயலி தயங்கும். அங்கே நம்ப வேண்டியது கண்ணை.

இன்னொரு சங்கடம், கூட்டம் போகும் இடத்துக்கே பட்டியலும் போகிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சர் தலம்; தொலைநோக்கிகள் அங்கே திரும்புவது இயல்பு. திண்டிவனம் சாலையில் இருக்கும் பெருமுக்கல் குன்றையும் அதைச் சுற்றிய ஏரி, வயல்களையும் உள்ளூர்க்காரர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வரும் பொங்கலுக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். கண்டதையும் கேட்டதையும் எண்ணி, ஒன்று விடாமல் இ-பேர்டில் பதியுங்கள். காக்கைதானே, மைனாதானே என்று தள்ளிவிடாதீர்கள். முழுப் பட்டியல் வந்தால்தான், அதில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று கணக்கில் ஏறும்.